லினோ ப்ரோக்கா: தயாரிப்பாளருக்கும் தணிக்கைக்கும் நடுவில்

1985 ஜனவரி 28. பிலிப்பைன்ஸ் தலைநகரப் பகுதியில் ஜீப்னி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கப் படை விட்டுப்போன ஜீப்புகளை இழுத்து நீட்டி, எதிரெதிராக இரண்டு பெஞ்சு வைத்து, கண்ணைப் பறிக்கும் வண்ணம் பூசிய வண்டிதான் ஜீப்னி. மணிலாவின் ஏழைபாழைகள் வேலைக்குப் போவதும் வருவதும் அதில்தான். அது நின்றால் ஊரே நின்ற மாதிரி. அன்று ஓட்டுநர்களுக்கு ஆதரவாகக் கூடிய கூட்டத்தைப் போலீஸ் அடித்துக் கலைத்தது, கையில் கிடைத்தவர்களைப் பிடித்துக்கொண்டு போனது. பிடிபட்டவர்களில் இரண்டு பேர் சினிமா, நாடக இயக்குநர்கள். ஒருவர் பென் செர்வாண்டஸ். மற்றவர் லினோ ப்ரோக்கா. கேன் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்கு அதற்குள் இரண்டு படங்கள் கொண்டுபோயிருந்தவர்.

சட்டவிரோதமாகக் கூடியதாக வழக்கு. பிடிபட்ட மற்றவர்களுக்கு ஜாமீன் கிடைத்தது. 'தலைவர்கள்' என்று சொல்லப்பட்ட ப்ரோக்காவுக்கும் சிலருக்கும் இல்லை. வழக்கறிஞர்கள் போராடி ஆளுக்கு 6,000 பெசோ ஜாமீனில் விடுவிக்க உத்தரவு வாங்கினார்கள். உத்தரவு பிப்ரவரி 9 அன்று காவல் தரப்பின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் யாரையும் வெளியே விடவில்லை. தடுப்புக்காவல் ஆணை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்றார்கள். சரி, காட்டுங்கள் என்று கேட்டபோது அசலும் வரவில்லை, நகலும் வரவில்லை. பிப்ரவரி 11 அன்று புதிதாக இன்னொரு வழக்கு, இந்த முறை அரசுக்கு எதிராகக் கலகத்தைத் தூண்டியதாக. மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 14, அதிபர் மார்கோஸ் உத்தரவின்பேரில் தற்காலிக விடுதலை.

இந்தத் தேதிகளுக்குப் பக்கத்தில் இன்னொரு தேதியை வைத்துப் பார்க்க வேண்டும். கைதாவதற்குச் சரியாகப் பதினெட்டு நாள் முன்னால், ஜனவரி 10 அன்று, ப்ரோக்காவும் அவர் படத்தின் தயாரிப்புத் தரப்பும் தணிக்கை வாரியத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டிருந்தார்கள். ஒரே மாதத்தில் ஒரே மனிதர் ஒரு வழக்கில் மனுதாரர், இன்னொன்றில் கைதி. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர் வாழ்க்கையை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று கேட்டால், அந்த ஜனவரியைத்தான் சொல்வேன்.

காதலினோ ஒர்த்திஸ் ப்ரோக்கா பிறந்தது 1939 ஏப்ரல் 3. பிகோல் பகுதியில், சோர்சகோன் மாகாணத்துப் பிலார் என்ற கடலோர ஊர். அப்பா படகு கட்டுகிறவர், மீன் பிடிக்கிறவர். அம்மா பள்ளி ஆசிரியை. அப்பா கொல்லப்பட்டபோது பையன் சின்னப் பிள்ளை. அம்மா இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு நுவேவா எசிகாவில் உள்ள சான் ஹோசேக்கு, தன் உறவினர்களிடம் போனார். உறவினர் வீட்டில் ஒண்டி வளர்வது எப்படியிருக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாப்பாடு கிடைக்கும், அந்தச் சாப்பாட்டின் கணக்கும் கூடவே கிடைக்கும்.

படிப்பில் கெட்டி. பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்து, இலக்கியத்துக்கு மாறி, நாடகக் குழுவின் வாசலில் போய் நின்றார். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒரு திருப்பம்: மோர்மன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவச் சபையில் சேர்ந்து, ஊழியத்துக்காக ஹவாய்க்குப் போனார். அங்கே மொலோகாய் தீவின் கலாவுபாபாவில், தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த குடியிருப்பில் வேலை. அப்புறம் சான் பிரான்சிஸ்கோவில் கிடைத்த வேலைகளைச் செய்து கொஞ்ச காலம். ஊருக்குத் திரும்பியபோது, 1967இல் சிசில் கிடோட்டே தொடங்கியிருந்த 'பெட்டா' என்ற நாடக அமைப்பு அவரைச் சேர்த்துக்கொண்டது. மணிலாவின் இன்ட்ராமுரோஸ் கோட்டையின் இடிபாடுகளுக்கு நடுவே, திறந்தவெளி அரங்கில் நாடகம் போட்டவர்கள் அவர்கள். 1972இல் மார்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்தபின் கிடோட்டே நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அமைப்பைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பு ப்ரோக்காவின் தோளுக்கு வந்தது.

சினிமாவில் அவர் நுழைந்த விதம் வேறு மாதிரி. 1970இல் வந்த முதல் படம், தாயில்லாப் பிள்ளைகளுக்குத் தாய் தேடும் குடும்பக் கதை. பெயரே 'வான்டட்: பர்ஃபெக்ட் மதர்'. படம் ஓடியது. அடுத்தடுத்துப் படங்கள். தயாரிப்பாளர் சொல்வதைச் சொல்கிற நேரத்தில் முடித்துக் கொடுக்கிறவர் என்று பேர் வாங்கினார். அது பின்னால் மிகவும் உதவிய பேர். 52 வயதுக்குள் அறுபதுக்கும் மேல் படங்கள் எடுத்தவர் அவர். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நல்ல பத்துப் படங்களை மட்டும் மேசைமேல் வைத்துவிட்டு, மிச்சத்தை வயிற்றுப்பாட்டுக்குச் செய்த பாவம் போல மூடி வைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. அந்தச் சந்தைப் படங்களில் கற்ற கைவேலைதான் அந்தப் பத்தையும் நிற்க வைத்தது. மகத்தான பிலிப்பைன்ஸ் படம் வேண்டுமென்றால் முதலில் அதற்கான ரசிகர் கூட்டம் உருவாக வேண்டும் என்பது அவர் வாதம். அந்தக் கூட்டம் விழாக்களில் உட்கார்ந்திருக்கவில்லை. கொட்டகையில் அழுதுகொண்டிருந்தது.

1974இல் நண்பர்களோடு சேர்ந்து சினிமணிலா என்ற சொந்த நிறுவனம் தொடங்கி எடுத்த படம் 'தினிம்பாங் கா ஙுனித் குலாங்'. தலைப்பைத் தமிழாக்க நான் மெனக்கெட வேண்டாம், நம் வேதாகமத்தில் அப்படியே இருக்கிறது: 'நீ தராசிலே நிறுக்கப்பட்டு, குறையக் காணப்பட்டாய்'. தானியேல் புத்தகத்தில், சுவரில் ஒரு கை எழுதியதற்குச் சொல்லப்படும் அர்த்தம். படத்தில் தராசில் ஏறுவது ஒரு சிற்றூர். கட்டாயக் கருக்கலைப்பில் புத்தி பேதலித்த குவாலா, ஊர் ஒதுக்கிய தொழுநோயாளி பெர்த்தோ, இவர்கள் இருவரோடும் பழகும் பதின்வயதுப் பையன் ஒருவன். கோயிலுக்குத் தவறாமல் போகும் ஊர்ப் பெரியவர்கள் மறுபக்கம். பெர்த்தோவாக நடித்தவரும் திரைக்கதையை எழுதியவரும் மாரியோ ஓஹாரா. கலாவுபாபாவில் வேலை பார்த்தவர் எடுத்த தொழுநோயாளி இவர்; பரிதாபத்துக்காக ஒரு காட்சியில்கூட கை ஏந்த விடவில்லை. படம் வசூலிலும் ஜெயித்தது, விருதிலும் ஜெயித்தது. நிறுவனம்தான் அதிக நாள் தாங்கவில்லை, கடனில் மூழ்கியது.

மறு வருடம் 'மய்னிலா, சா மங்ஙா குக்கோ நங் லிவானக்', அதாவது வெளிச்சத்தின் நகப்பிடியில் மணிலா. 'லிவய்வய்' வார இதழில் தொடராக வந்த எட்கார்டோ ரேயஸின் நாவல். தயாரித்ததும் ஒளிப்பதிவு செய்ததும் மைக் டி லியோன், பின்னால் அவரும் பெரிய இயக்குநரானார். கிராமத்து மீனவப் பையன் ஹூலியோ, வேலை வாங்கித் தருவதாக யாரோ கூட்டிப்போன காதலி லிகாயாவைத் தேடி மணிலாவுக்கு வருகிறான். சீனர் தெருவில் ஒரு வீட்டு ஜன்னலைப் பார்த்தபடி நாள்கணக்கில் நிற்கிறான். இடையில் வயிற்றைக் கழுவக் கட்டட வேலை.

அந்தக் கட்டட வேலையில் கூலி வாங்கும் இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். பதிவேட்டில் நாளுக்கு 4 பெசோ என்று எழுதியிருக்கும். கையெழுத்தும் அதற்குத்தான். கையில் விழுவது 2.50. யாரும் சண்டை போடுவதில்லை, ஏனென்றால் மறுநாள் அந்த 2.50 வேண்டும். கேமரா எந்த முகத்திலும் ஏறி உட்கார்ந்து அழுத்தம் கொடுக்காது. ஒருவன் பேனாவை வைக்கிறான், அடுத்தவன் எடுக்கிறான். சுரண்டல் என்ற சொல்லை யாரும் சொல்லாமலே, ராணுவச் சட்டக் காலத்தில் இது தணிக்கையைத் தாண்டிவிட்டது. அப்போது கதைச் சுருக்கத்திலிருந்து முடிந்த படம் வரை எல்லாம் அதிகாரிகள் கண்ணில் பட்டுத்தான் வெளியே வர வேண்டும். கொடி பிடித்துக் கோஷம் போடும் காட்சியை வெட்டத் தெரிந்தவர்களுக்கு, பேனா கைமாறும் காட்சியை என்ன காரணம் சொல்லி வெட்டுவது என்று தெரிந்திருக்காது.

1976இல் 'இன்சியாங்'. முதலில் தொலைக்காட்சி நாடகமாக வந்த கதை, சினிமாவாகி, மணிலாத் துறைமுகத்தை ஒட்டிய தொந்தோ குடிசைப் பகுதியிலேயே எடுக்கப்பட்டது. கதையை மட்டும் கேட்டால் மதியச் சீரியல்தான்: அம்மா தன்னைவிட வயதில் சின்னவனான ஒரு முரடனை வீட்டுக்குள் சேர்க்கிறாள், அவன் மகளைக் கெடுக்கிறான், மகள் நின்று நிதானமாகப் பழிவாங்குகிறாள். படம் தொடங்குவது பன்றித் தொட்டியில். தலைகீழாகத் தொங்கும் பன்றி, கழுத்தில் இறங்கும் கத்தி. அந்த முரடனுக்கு வேலை அங்கேதான். அப்புறம் வீடு. அம்மா தோன்யா, புருஷன் வழி உறவினர்களை வீட்டைவிட்டுத் துரத்தும்போது, பிள்ளைகள் போட்டிருக்கும் துணி நான் வாங்கித் தந்தது, கழற்றி வைத்துவிட்டுப் போ என்கிறாள். கழற்றுகிறார்கள். உறவினர் வீட்டில் வளர்ந்த ஒருவர்தான் அப்படி ஒரு காட்சியை அத்தனை அலட்டல் இல்லாமல் எடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றும். தோன்யாவாக மோனா லிசா, மகளாக ஹில்டா கொரோனல். சுவரென்று பேருக்கு ஒரு பலகை, அந்தப் பக்கம் மூச்சு விட்டால் இந்தப் பக்கம் கேட்கும். அந்தக் குடிசையின் அளவுதான் கதையை நடத்துகிறது.

அதே காலத்தில் பெரு மணிலாவின் ஆளுநர், அதிபரின் மனைவி இமெல்டா மார்கோஸ். வெளிநாட்டு விருந்தினர் வரும் வழியில் குடிசைகள் கண்ணில் படாதபடி வேலி போட்டு மறைப்பதும், உண்மை, நன்மை, அழகு என்று மேடையில் பேசுவதும் நடந்த ஊர். அந்த ஊரின் மறைத்த பக்கத்தை எடுத்த படம் 1978இல் கேன் விழாவின் இயக்குநர்கள் பிரிவுக்குப் போனது. கேனுக்குப் போன முதல் பிலிப்பைன்ஸ் படம். கொண்டுபோகக் காரணமாயிருந்தவர் பிரெஞ்சுக்காரர் பியர் ரிஸியான். அந்தப் பேரை நினைவில் வையுங்கள், கடைசியில் திரும்ப வருவார்.

அடுத்தது 'ஜாகுவார்', 1979. காட்டு மிருகத்துக்கும் தலைப்புக்கும் சம்பந்தமில்லை. காவலாளியைக் குறிக்கும் 'குவார்தியா'வைத் திருப்பிப் போட்டால் வரும் மணிலாத் தெருப் பேச்சு. பணக்கார முதலாளிப் பையனுக்கு அடியாளாகவும் நண்பனாகவும் இருப்பதாக நம்பி, அவனுக்காகக் கொலை வரை போய், மாட்டிக்கொள்ளும்போது யாருமில்லாமல் நிற்கும் ஒரு செக்யூரிட்டியின் கதை. நிக் ஹொவாக்கின் எழுதிய ஒரு குற்றச் செய்திக் கட்டுரையிலிருந்து ஹோசே லகாபாவும் ரிக்கி லீயும் திரைக்கதை எழுதினார்கள். 1980இல் கேன் போட்டிப் பிரிவில் நுழைந்த முதல் பிலிப்பைன்ஸ் படம் இதுதான். அதே வருடம் 'போனா': நாட்டின் உச்ச நட்சத்திரமாக இருந்த நோரா அவ்னோர் தானே தயாரித்து, ஒரு துணை நடிகனுக்கு அடிமைபோல் வேலை செய்யும் ரசிகையாக நடித்தார். தினமும் அவன் குளிக்க வெந்நீர் போட்டுக் கொடுப்பாள். அந்த வெந்நீர் முடிவில் எங்கே போகிறது என்பதைப் பார்க்காதவர்களுக்காக விட்டுவிடுகிறேன்.

1983 ஆகஸ்டில் எதிர்க்கட்சித் தலைவர் நினோய் அக்கினோ மணிலா விமான நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதுவரை படத்துக்குள் பேசியவர்கள் பலர் தெருவுக்கு வந்தார்கள். தணிக்கைக்கு எதிராக அந்த வருடம் கலைஞர்கள் கூடி உருவாக்கிய அமைப்பின் முன்னணியில் ப்ரோக்கா இருந்தார். அடுத்து வந்ததுதான் வழக்குக்குக் காரணமான படம்: 'பாயன் கோ: காபித் சா பதாலிம்'. பாயன் கோ என்றால் என் நாடு. எதிர்ப்புக் கூட்டங்களில் பாடப்பட்ட தேசபக்திப் பாட்டின் பெயர். இரண்டாம் பகுதி அந்த நாட்டின் தகாலோகு மொழிப் பழமொழி ஒன்றிலிருந்து வந்தது: நெருக்கடியில் சிக்கியவன் கத்தியின் கூரான பக்கத்தையும் பிடிப்பான்.

பிடிக்கிறவன் தூரிங் என்ற அச்சகத் தொழிலாளி. மனைவி கர்ப்பமாக இருக்கிறாள், ஆஸ்பத்திரிச் செலவுக்கு முதலாளியிடம் முன்பணம் கேட்கிறான். கிடைக்கிறது, ஒரு நிபந்தனையோடு: சங்கத்தில் சேர மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போடுகிறான். வேலைநிறுத்தம் வரும்போது கூட வேலை செய்தவர்கள் அவனைக் கருங்காலி என்கிறார்கள். குழந்தை பிறந்தபின், பில் கட்டாமல் தாயையும் பிள்ளையையும் வெளியே விட மாட்டோம் என்கிறது ஆஸ்பத்திரி. மிச்சமிருப்பது திருட்டுதான். எழுதியவர் லகாபா, ராணுவச் சட்டத்தில் சிறையும் சித்திரவதையும் அனுபவித்த கவிஞர். பிலிம் ரகசியமாக நாட்டைவிட்டு வெளியே போய், 1984இல் கேன் போட்டியில் திரையிடப்பட்டது.

உள்ளூர்த் திரையீட்டுக்கு வாரியம் 1984 அக்டோபரில் அனுமதி கொடுத்தது: பெரியவர்களுக்கு மட்டும், இன்னின்ன இடங்களை வெட்டினால். மறுபரிசீலனை கேட்டும் மாறவில்லை. ஜனவரி 10 மனு. உச்ச நீதிமன்றம் பதில் கேட்டதும், ஜனவரி 21 அன்று வாரியம் சொன்னது: பழைய முடிவை ரத்து செய்துவிட்டோம், ஒரு வெட்டும் இல்லாமல் காட்டலாம், ஆகவே மனுவுக்கு வேலையில்லை. சிக்கினால் விட்டுவிடுவது, சிக்காதவரை வெட்டுவது. பெரியவர்களுக்கு மட்டும் என்ற முத்திரை மட்டும் போகவில்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு வழக்கு நகர்ந்தது. கைதும் விடுதலையும் நடுவில் நடந்து முடிந்தன.

தீர்ப்பு 1985 ஜூலை 22. எழுதியவர் தலைமை நீதிபதி என்ரிக்கே ஃபெர்னாண்டோ. சினிமா என்பது கருத்தைச் சொல்லும் ஊடகம், கலை வெளிப்பாடு, பேச்சுரிமையின் பாதுகாப்பு அதற்கும் உண்டு. தெளிவான, கண்முன் நிற்கும் ஆபத்து இருந்தால்தான் தடுக்கலாம். வாரியம் தன் அதிகாரத்தைத் தவறாகத்தான் பயன்படுத்தியது. இவ்வளவும் சொல்லிவிட்டு மனு தள்ளுபடி. காரணம்: அந்தத் தவறு 'மோசமான' தவறு என்று சொல்லப் போதிய வாக்குகள் நீதிபதிகளிடையே இல்லை. தோற்ற வழக்குதான். ஆனால் தோற்றவர் கேட்ட அளவுகோல் முழுவதும் தீர்ப்புக்குள் இருக்கிறது. அதே வருடம் ராமோன் மகசேசே விருது அவருக்குக் கிடைத்தது.

1986 பிப்ரவரியில் மார்கோஸ் ஓடினார். புதிய அதிபரான நினோயின் மனைவி கொராசோன் அக்கினோ புதிய அரசியல் சாசனம் எழுத 48 பேர் ஆணையம் அமைத்தார். அதில் ப்ரோக்காவும் ஒருவர். சினிமாக்காரர் சட்டம் எழுதும் மேசையில் என்ன செய்வார் என்று கேட்டவர்களுக்குப் பதில் மூன்றாம் பிரிவின் நான்காவது உட்பிரிவில் இருக்கிறது. முந்தைய சாசனங்களில் பேச்சுச் சுதந்திரம், பத்திரிகைச் சுதந்திரம் என்றுதான் இருந்தது. நடுவில் 'வெளிப்பாட்டுச் சுதந்திரம்' என்ற ஒன்றைச் சேர்க்க வைத்தவர் அவர். படம், நாடகம், ஓவியம், தெருவில் தூக்கிப் பிடிக்கும் அட்டை, எல்லாம் அதற்குள் வரும். தணிக்கை அறையில் வருடக்கணக்கில் உட்கார்ந்தவருக்கு எந்த ஓட்டை வழியாகக் கத்திரி உள்ளே வரும் என்று தெரிந்திருந்தது, அந்த இடத்தில் ஆப்பு அடித்தார். ஆனால் வேலை முடியும்வரை அவர் அங்கே இருக்கவில்லை. வெளிநாட்டு முதலீடு சம்பந்தமான பொருளாதாரப் பிரிவுகள் போகும் போக்கு பிடிக்காமல் ஆகஸ்டில் ராஜினாமா செய்துவிட்டு வெளியேறினார்.

புதிய ஆட்சியோடும் தேன்நிலவு நீடிக்கவில்லை. கிராமங்களில் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடுவதாகச் சொல்லி ஆயுதக் கும்பல்கள் இறங்கியபோது, அதையே படமாக எடுத்தார்: 1989இல் 'ஒரா ப்ரோ நோபிஸ்'. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்ற லத்தீன் ஜெப வரி. 1985இல் மின்டனாவோ தீவில் இத்தாலியப் பாதிரியார் துல்லியோ ஃபவாலி கொல்லப்பட்டதை நினைவூட்டும் கொலையோடு படம் தொடங்குகிறது. பிரெஞ்சுப் பணம், கேனில் திரையீடு, உள்ளூர்க் கொட்டகைகளில் வெளியீடு இல்லை. மார்கோஸ் காலத்தில் நடந்தது அக்கினோ காலத்திலும் நடந்தது. அவர் அசரவில்லை. மறு வருடமே பெரிய நட்சத்திரங்களைப் போட்டு, மேயர், அவன் ஆசைநாயகி, இமெல்டாவை ஞாபகப்படுத்தும் மனைவி என்று ஒரு மசாலாப் படம், 'குமாபாங் கா சா லுசாக்'. அதே அரசியல்தான். இந்த முறை கொட்டகையில் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள்.

அந்தப் பழைய கைது வழக்கு ஆறாவது வருடத்தில் முடிந்தது. 1990 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், குற்ற வழக்குகளைப் பொதுவாக நாங்கள் நடுவில் தடுப்பதில்லை, ஆனால் கெட்ட எண்ணத்தோடு போட்ட வழக்கு விதிவிலக்கு என்று சொல்லி, கலகத்தைத் தூண்டியதாகப் போட்ட வழக்கை நடத்தக்கூடாது என்று நிரந்தரத் தடை விதித்தது. காட்டப்படாத அந்தத் தடுப்புக்காவல் ஆணை பற்றியும் தீர்ப்பில் எழுதியிருக்கிறது. 'ப்ரோக்கா எதிர் என்ரிலே' (என்ரிலே, மார்கோஸின் பாதுகாப்பு அமைச்சர்) என்று அந்தப் பெயர் இன்றைக்கும் பிலிப்பைன்ஸ் நீதிமன்றங்களில் புழங்குகிறது. மேற்கோள் காட்டுகிறவர்களில் அவர் படத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேரோ.

தீர்ப்பு வந்து ஐந்து மாதம். 1991 மே மாதம், கேசோன் சிட்டியின் கிழக்கு அவென்யூவில் இரவில் அவர் போன கார் மின்கம்பத்தில் மோதியது. ஓட்டிய இளம் நடிகர் பிழைத்தார். ப்ரோக்காவுக்கு வயது 52. தேசியக் கலைஞர் என்ற பட்டம் 1997இல், இறந்தபின் கொடுத்தார்கள்.

படங்கள் என்ன ஆயின என்பது தனிக்கதை. வெப்பமும் ஈரமும் உள்ள நாட்டில், ஒழுங்கான ஆவணக் காப்பகம் இல்லாத காலத்தில், படம் ஓடி முடிந்தால் பெட்டி ஏதாவது கிடங்கில் கிடந்து புளித்துப்போகும். அவருடைய அறுபதுக்கு மேற்பட்ட படங்களில் பல இன்று தேய்ந்த பிரதியாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. 'மய்னிலா' 2013இல் புதுப்பிக்கப்பட்டுக் கேனில் திரும்பவும் திரையிடப்பட்டது. அதன் நெகட்டிவ் இங்கிலாந்தில் பத்திரமாக இருந்ததால் முடிந்தது. 2015இல் 'இன்சியாங்', 2024இல் 'போனா'. இந்த இரண்டின் நெகட்டிவும் கிடைத்தது மணிலாவில் இல்லை. பாரிஸில், எல்.டி.சி. என்ற லேபில், பியர் ரிஸியான் ஒப்படைத்துவிட்டுப் போன டப்பாக்களில்.